தண்ணீர் ஊற்றாத கோப்பை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை தன் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வயது ஒன்பது. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. ஒரு சின்ன போத்தலைக் காட்டி, நாள் முழுக்க இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு மொடக்கு கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போத்தல் காலியான பிறகு அம்மா கேட்டாள். மகள் கொடுத்தாள். சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது, ஆம்புலன்ஸ் வந்தது. வீட்டில் இருந்தவர்கள் அழுதார்கள், ஓடினார்கள், போன் செய்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் ஒன்றை நெஞ்சுக்குள் வைத்திருந்தாள்: அம்மாவை இப்படி ஆக்கியது நான்தான்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல், அதே வாரம், அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து, "ஒனக்கு வந்தது இது. இதுக்கு மட்டும் தண்ணி ஊத்தவே கூடாது" என்று சொன்னவள் நான்.

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, செமோரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் பள்ளி. தோட்டத்துப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. ரப்பர் பால்மரத்தை வெட்டி, செம்பனை நட்டு, அதையும் பாதி வெட்டி வீடுகள் எழும்பத் தொடங்கிவிட்டன. பள்ளிக்கூடம் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன குடை மாதிரி அங்கேயே இருக்கிறது. தோட்டத்தில் ஆள் இல்லை. ஈப்போ அடுக்குமாடிகளிலிருந்து வேனில் பிள்ளைகள் வருகிறார்கள். காலை ஏழு மணிக்குச் சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் பனி நிற்கும். வேன் விளக்கு பழைய லயத்து வீடுகளின் மேல் விழுந்து போகும். கதவில்லாத வீடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நொடி வெளிச்சம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். இத்தனை வருடமாகியும் அந்த இடத்தில் நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் அறிவியல் ஆசிரியை.

மூன்றாம் ஆண்டில் ஆறு பேர். அறிவியல் அறை என்று நாங்கள் சொல்வது முன்பு ஆயாக்கொட்டகையாக இருந்த இடம். தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள், தொட்டில் துணி கட்டியவை, இன்னும் இருக்கின்றன. எதுவும் தொங்கவில்லை. இருந்தாலும் பிள்ளைகள் அந்தக் கொக்கிகளுக்கு நேர் கீழே நிற்க மாட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வரிசை அங்கே போனதும் தானாக வளையும், ஓடை கல்லைச் சுற்றிப் போவது மாதிரி.

நான் பாடம் நடத்தும் முறைக்குத் திட்டப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. என் வழக்கில் சொன்னால் இவ்வளவுதான்: கேள்வியை நான் வைப்பேன், வழியைப் பாதி காட்டுவேன், மீதிப் பாதியை அவர்களே நடந்து போய் விடையைக் கையால் தொட வேண்டும். தொடங்குவதற்கு ஒரு படப் புத்தகம். அந்த வாரத்துக்கு நானே ஒன்று செய்திருந்தேன். கறுப்புத் தாள்களை நூலால் தைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் வெள்ளைச் சாயத்தில் ஒரே ஒரு பயறு. எழுத்து கிடையாது. பயற்றுக்கு மூடிய கண்கள் வரைந்திருந்தேன். பக்கம் புரளப் புரளக் கறுப்பு மட்டும் கூடும், பயறு அப்படியே இருக்கும்.

"என்ன பார்க்கிறீங்க?"

"தூங்குது டீச்சர்."

"செத்துப் போச்சு டீச்சர்," என்றாள் முன் வரிசை வாயாடி. கண்ணாடி போட்டவள், ஆறு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

"எத வச்சு சொல்ற?"

"அசையல."

"நீ கூடத்தான் கணக்குப் பாடத்துல அசைய மாட்ட," என்றான் ஒருவன். சிரிப்பு.

சிரிப்பு அடங்கிய பிறகு கடைசி மேசையிலிருந்து அந்தப் பிள்ளை சொன்னாள்: "தாகமா இருக்கு."

நல்ல பதில் என்று அவளைப் பாராட்டினேன். பாராட்டிவிட்டுப் பாடத்துக்குள் போனேன்.

ஆறு கோப்பை, ஒவ்வொன்றிலும் பஞ்சு, பஞ்சின் மேல் மூன்று பச்சைப் பயறு. இரண்டு கோப்பை ஜன்னலில், தண்ணீரோடு. இரண்டு இருட்டு அலமாரியில், தண்ணீரோடு. இரண்டு அதே அலமாரியில், தண்ணீர் இல்லாமல். எதை ஒப்பிடுகிறோமோ அதை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இதை நான் பாட்டு மாதிரிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "ஒண்ணே ஒண்ணை மாத்து, மத்ததைத் தொடாதே" என்று ஆறு பேரும் கைதட்டிச் சொல்வார்கள். யாருக்கு எந்தக் கோப்பை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தகத்துப் பயற்றுக்கு முகம் இருந்ததால், கோப்பைக்கும் முகம் வரையச் சொன்னேன். "ஒங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர் முகத்தை வரைங்க. அப்பதான் தினமும் வந்து பார்க்கத் தோணும்." வாயாடி பூனை வரைந்தாள். ஒருவன் காற்பந்து வீரனை வரைந்து தலைமுடிக்கு மஞ்சள் அடித்தான். அந்தப் பிள்ளை ஒரு பெண்ணை வரைந்தாள். பொட்டு, கொண்டை, மூடிய கண்கள். அழகாக இருந்தது. "கண்ணைத் தெறந்து வரையலாமே?" என்றேன். "இப்ப இப்படித்தான் இருக்காங்க" என்றாள். எனக்குப் பின்னால் சாயம் கொட்டியது, நான் திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஜன்னல் பயறு வெடித்தது. மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தபோது பிள்ளைகள் ஒரு அடி பின்வாங்கினார்கள். இருட்டில் தண்ணீர் பெற்ற பயறுகள் வெள்ளை வெளேரென்று நீண்டு, ஒன்றையொன்று தழுவிக்கொண்டு, கதவு இடுக்கில் விழும் வெளிச்சக் கோட்டை நோக்கித் தலையைச் சாய்த்திருந்தன. கதவைத் திறந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் நம்மைப் பார்த்தது மாதிரி இருந்தது.

"ஜன்னல்ல இருக்கிறதைவிட இதுதான் ஒசரம்," என்றான் ஒருவன். "எப்படி டீச்சர்? வெயிலே இல்ல."

"இது தவ்கேடா," என்றாள் வாயாடி. ஈப்போவில் வளர்கிற பிள்ளைக்கு முளைப்பயறு பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? "தவ்கே இருட்டுலதான் வளரும். இவ அம்மா தவ்கே கொட்டாயிலதான் வேல. மணிக்கு மணி ஓஸ் பைப் பிடிச்சுத் தண்ணி அடிப்பாங்க. இல்லடி?"

அந்தப் பிள்ளை தலையாட்டினாள். அவள் பார்வை அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. அங்கே தண்ணீர் இல்லாத இரண்டு கோப்பைகள், காற்பந்து வீரனும் அவள் அம்மாவும், வறண்ட பஞ்சோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பயறுகள் போட்டபடியே கிடந்தன.

"பாவம், என் ஆளு காயுறான். கொஞ்சூண்டு ஊத்தட்டா டீச்சர்?"

அவன் கேட்டு முடிக்கும் முன் அந்தப் பிள்ளை அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். இரண்டு கையையும் விரித்து.

"ஊத்தக் கூடாது. டீச்சர் சொல்லிருக்காங்க. ஊத்துனா செத்துருவாங்க."

"எங்கயாச்சும் தண்ணி ஊத்துனா செடி சாகுமா? லூசுலா இவ," என்று வாயாடி நெற்றியைத் தட்டிக் காட்டினாள்.

நான் அதை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். சோதனையைக் காக்கிற பிள்ளை. அன்றைய குறிப்பேட்டில் அவளுக்கு ஒரு நட்சத்திரம்கூடப் போட்டேன். அம்மா மருத்துவமனையில் இருக்கிறார் என்று வேன் அண்ணே சொல்லித்தான் வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்றேன். "தண்ணி குடுக்கல டீச்சர்," என்றாள். வார்டில் கொடுப்பதில்லை என்று சொல்கிறாள் என நினைத்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, வறண்ட கோப்பை முளைத்தது.

காற்பந்து வீரன் அல்ல. அவன் அப்படியே காய்ந்து கிடந்தான். அந்த அம்மாவின் கோப்பையில், மூன்றில் ஒரு பயறு தோல் கிழிந்து, நகக்கீற்று அளவுக்கு ஒரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. பஞ்சைத் தொட்டேன். ஈரம் என்று சொல்ல முடியாது, வறட்சி என்றும் சொல்ல முடியாது. அழுது முடித்த கன்னத்தைத் தொட்டது மாதிரி இருந்தது.

அந்தப் பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் குடுக்கல," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "நான் குடுக்கல டீச்சர். சத்தியமா. இந்த வாட்டி நான் குடுக்கவே இல்ல."

இந்த வாட்டி. அந்தச் சொல்லைக் கேட்டேன், கேட்டு விட்டுவிட்டேன். ஏனென்றால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சோதனை கெட்டுப்போனால்தான் நல்ல வகுப்பு தொடங்கும்.

"சரி, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? ஊகம் சொல்லுங்க."

"கூரை ஒழுகுது."

"பல்லி மூத்திரம்."

"ஆயா," என்றாள் வாயாடி, குரலைத் தாழ்த்தி. அறை முழுதும் மேலே கொக்கிகளைப் பார்த்தது. "பழைய ஆயா. இங்கதான் பிள்ளைங்களுக்குப் பால் ஊத்துவாங்களாம். இன்னும் ஊத்திக்கிட்டுத்தான் இருக்காங்களாம். எங்க சித்தப்பா சொன்னாரு."

நான் நாலையும் பலகையில் எழுதினேன், ஆயாவையும் சேர்த்து. ஊகத்தைச் சிரித்துத் தள்ளக்கூடாது, சோதித்துத் தள்ள வேண்டும். நாலாவது, "யாரோ ஆள்." கூரையைப் பார்த்தோம், கறை இல்லை. பல்லி என்றால் இரண்டு கோப்பையிலும் பெய்திருக்கலாமே என்று அவர்களே தள்ளினார்கள். மிச்சம் ஆயாவும் ஆளும்.

"ஆள்னா தரையில கால் படும்," என்றான் காற்பந்துக்காரன்.

"பேய்க்குக் கால் கிடையாதுலா," என்றாள் வாயாடி, நிபுணரைப் போல. "அப்ப கால் தடம் இருந்தா ஆளு. இல்லாட்டி ஆயா."

இதைவிடச் சுத்தமான சோதனையை நான் எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் அலமாரியிலிருந்து கதவு வரை முகப் பவுடரைத் தூவிவிட்டுப் போனோம். கதவைச் சாத்தும்போது ஒருமுறை உள்ளே பார்த்தேன். வெள்ளைத் தரை, கறுப்பு அலமாரி, மேலே வெறுங்கொக்கிகள். யாரையோ வரவேற்கக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே ஒரு ஆசை: தடம் இருக்க வேண்டும்.

இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். பவுடரில் சின்னச் சின்ன வெறுங்கால்கள், கதவிலிருந்து அலமாரி வரை. என் ஒரு சாண்கூடத் தேறாது. கைக்குழந்தைகள் படுத்துக் கிடந்த அறையில், ஒரு குழந்தை இறங்கி நடந்த மாதிரி. யாரோ என் சேலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நான் கையைத் தட்டிவிடவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது.

"என்ன பார்க்கிறீங்க?" என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"சப்பாத்து இல்ல."

"அலமாரிக்கிட்ட வெறும் விரல்தான் தெரியுது. குதிகால் இல்ல."

"எக்கி நின்னிருக்கு டீச்சர். மேல் தட்டு எட்டல அதுக்கு."

எட்டாதது ஆயாவாக இருக்க முடியாது. மெல்ல ரத்தம் திரும்பி வந்தது எல்லோருக்கும். அளவுகோலை எடுத்தேன். ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். நான்காவது ஆளை அளந்துகொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமல் வரிசையை விட்டுப் போய், பவுடரில் இருந்த ஒரு தடத்தின் மேல் தன் காலை வைத்தாள். மூடி போட்டது மாதிரிப் பொருந்தியது.

அவள் வேன்தான் முதலில் வருகிறது. ஒன்று கூடலுக்கு மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவாளாம். "அம்மா இருக்கிற எடத்துல எப்படி டீச்சர் சப்பாத்தோட போறது?" கோப்பையை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை. பவுடர் இருப்பது தெரிந்தும் அன்றைக்கும் போயிருக்கிறாள். ரெஹாட் இடைவேளையிலும் வருவாளாம், மற்றவர்கள் சாப்பிட ஓடும்போது.

"தண்ணி ஊத்தல. பேசினேன்."

"என்ன பேசின?"

அவள் குனிந்து, காலில் ஒட்டிய பவுடரைத் துடைத்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே பாடத்தை நிறுத்தி, மற்ற ஐவரையும் வெளியே அனுப்பி, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். "இதுல வாயை வச்சுப் பேசு." பேசினாள். கண்ணாடி மங்கியது, மங்கலில் பொடிப்பொடியாகத் துளிகள். ஐந்து பேரும் ஓவென்று கத்தினார்கள். அவனவன் வாங்கி ஊதிப் பார்த்தான். விடை கிடைத்துவிட்டது. கோப்பைக்குத் தண்ணீர் கொடுத்தது அவள் மூச்சு. அரை மணி, அரை மணியாக, பத்து நாள்.

நல்லது. அங்கே பாடம் முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு, பள்ளிக்கு வெளியே ராத்திரியும் பகலும் வாக்கியங்களைத் துரத்திக்கொண்டு திரிகிற வியாதி. ஒரு வாக்கியம் வந்தது. வந்ததை விட மனமில்லாமல் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன்: "நாம பேசும்போதெல்லாம், எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாமத் தண்ணி குடுக்கிறோம்."

பலகையிலும் எழுதினேன். ஆறு பேரும் பார்த்து எழுதினார்கள். அழகான வாக்கியம். அந்தப் பிள்ளை எழுதி முடித்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய பெரியம்மா போன் செய்தார். அப்பா கொள்கலன் லாரியில் பாதி நாள் சாலையில் இருப்பவர், அதனால் பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறவர், அந்த இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்கூல்ல என்னாதான் சொல்லிக் குடுத்தீங்க? அவ அம்மா நேத்து ராத்திரி போன் பண்ணுச்சு, இன்னிக்குக் காலையில பண்ணுச்சு. இவ போனைக் கையில வாங்க மாட்டேங்குறா. என் தங்கச்சி அங்க அழுவுது. இவளைக் கேட்டா நோட்டுப் புஸ்தகத்தைத் தொறந்து காட்டுறா. பேசுனா தண்ணி போவுமாம், டீச்சர் எழுதிப் போட்டாங்களாம். அவ அம்மாவுக்குத் தண்ணி ஆவாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியாது அக்கா, என்றேன். என்ன நோய் என்று அப்போதுதான் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, பத்து நாளும் தலைகீழாகத் திரும்பி என் முன்னால் நின்றது. கையை விரித்து அலமாரியை மறித்து நின்ற பிள்ளை. தண்ணி குடுக்கல டீச்சர். இந்த வாட்டி. நான் போட்ட நட்சத்திரம்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எட்டாவது மாடி. மின்தூக்கி ஏழில் நின்றுவிடும், மிச்சம் ஏற வேண்டும். அந்தப் பிள்ளை கூடத்து மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் போட்டிருந்தாள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. என்னைப் பார்த்ததும் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. என் மேல் படக்கூடாது என்று திருப்பியிருக்கிறாள்.

"நேத்துலேர்ந்து இப்படித்தான்," என்றார் பெரியம்மா. "சோத்துக்கு மட்டும் கழட்டுறா. அதுவும் பாத்ரூமுக்குள்ள போயி."

நான் தரையில் உட்கார்ந்தேன். போன் வழியாக மூச்சு போகாது என்று சொன்னேன்.

"தெரியும் டீச்சர்." துணிக்குள்ளிருந்து வந்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. "ஆனா பழகிக்கணும்ல. அம்மா வீட்டுக்கு வந்தப்புறம் பேசாம இருக்கணும்ல."

பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

மூச்சில் இருப்பது எவ்வளவு, ஒரு பயற்றுக்கே பத்து நாள் பிடித்ததே, அம்மா பயறு இல்லையே. என்னென்னவோ சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ஆசிரியர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று தெரிந்த பிள்ளைகளின் மரியாதை. கடைசியில் நான் ஓய்ந்தபோது, சுவரைப் பார்த்தபடியே டம்ளர் கதையைச் சொன்னாள். மத்தியானம், காலிப் போத்தல், அம்மா கேட்டது, கொடுத்தது, கழுவிக் கவிழ்த்தது. நான் உங்களுக்கு முதலில் சொன்ன கதை அப்படித்தான் எனக்குக் கிடைத்தது, சுவரில் பட்டு.

"ஒரு டம்ளர்னாலதான் அப்படி ஆச்சுன்னு எப்படிம்மா சொல்ற?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்.

"அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர் மாறுச்சு. மத்தது எல்லாம் எப்பவும் போலத்தான். நான் தண்ணி குடுத்தது மட்டும்தான் புதுசு."

என் பாட்டு. நான் கைதட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஒன்பது வயதுப் பிள்ளை அதை எடுத்துப் போய், இருட்டில் தனியாக உட்கார்ந்து, தன் மேலேயே சோதனை நடத்தி, முடிவும் எழுதி வைத்திருக்கிறாள். தவறு சொல்ல முடியாத முடிவு. என்னிடம் இருந்த சமாதானம் எதுவும் அதற்கு எதிரில் நிற்காது. என் கையில் மிச்சம் இருந்தது ஒரு கேள்விதான்.

"மத்தது எதுவும் மாறலன்னு பார்த்தியா? இல்ல நெனச்சுக்கிட்டியா?"

கீழே எங்கேயோ ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"பார்க்கல," என்றாள். "நான் மத்தியானம்தான் பக்கத்து வீட்டு ஆச்சிங்கிட்டேர்ந்து வந்தேன். காலையில அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க."

"அப்ப யாரைக் கேட்டாத் தெரியும்?"

அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். பெரியம்மா மேலே போய்த் தாதியிடம் கெஞ்சி, தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழ்க் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கோப்பையில் பார்த்த முகம்தான், ஆனால் வீங்கி, சாயம் போய், உதடு வெடித்து. கண் திறந்திருந்தது. அந்தப் பிள்ளை அம்மாவிடமிருந்து மூன்று தப்படி தள்ளி நின்றுகொண்டாள். கவசத்தைக் கையால் வேறு பொத்திக்கொண்டாள்.

"வாடி கிட்ட," என்றாள் அம்மா.

"மொதல்ல ஒண்ணு கேக்கணும்."

"என்னாடி?"

"நீ ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்கு, போத்தல் தண்ணி குடிச்ச. அப்புறம் நான் ஒரு டம்ளர் குடுத்தேன். அதத் தவிர வேற குடிச்சியாம்மா?"

அம்மா மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்க்காமல், மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கைகள்.

"கொட்டாயில," என்றாள்.

"கொட்டாயில என்னா?"

"ஓஸ்ல. தவ்கேக்குத் தண்ணி அடிக்கிறப்ப. இருட்டுல யாரும் பார்க்க மாட்டாங்க. நாள் பூரா கையில தண்ணி ஓடுது, நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒரு தொட்டிக்கு அடிச்சா ஒரு வாய். அடுத்த தொட்டிக்கு ஒரு வாய்."

"அடிப்பாவி!" பெரியம்மா நாற்காலியின் பிடியை விட்டுவிட்டார். "நாங்க இங்க போத்தல்ல கோடு போட்டு அளந்து குடுக்கிறோம்..."

"எத்தனை வாய்?" என்றாள் மகள்.

"எண்ணலடி."

"அன்னிக்கு மட்டுமா, தினமுமா?"

"...தினமும்."

"ரத்தம் சுத்தம் பண்ணப் போனியா அந்த வாரம்?"

"சனிக்கிழம போகல. ஆர்டர் நெறைய. முதலாளி இருக்கச் சொன்னாரு. ஒங்கப்பாகிட்ட போனேன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பிள்ளை கவசத்தைக் கழற்றினாள். ஒன்றை, பிறகு மற்றதை. ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அந்தக் கூடத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருமே அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்று கத்தினாள்.

"ஏம்மா சொல்லல? நான்தான்னு நெனச்சேன்! நான்தான்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்! நீ தினமும் குடிச்சிட்டு, எங்கிட்ட எதுக்கும்மா கேட்ட? ஒனக்கு அறிவில்லையா? எண்ணியாவது குடிச்சிருக்கணும்லா! போகலன்னா போகலன்னு சொல்லணும்லா!"

இரண்டு வாரமாகக் கோப்பைக்குள் முணுமுணுத்த குரல், அந்த உயரமான கூடத்தில் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மருந்துச் சீட்டு வரிசை திரும்பிப் பார்த்தது. வாசல் காவலாளி எழுந்து, "அடெக், பெலான் பெலான்," என்று, மெதுவாகப் பேசச் சொல்லிக் கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மா பிள்ளையின் தோளைப் பிடிக்கப் போனார்.

"விடுக்கா," என்றாள் அம்மா, தலையைக் குனிந்தபடியே. "திட்டட்டும்."

காவலாளி பாதி வழியில் நின்றார். நாங்களும் நின்றோம். அவள் திட்டி முடிக்கிறவரை.